வரிசையில் இருக்கிறது

உங்களைக் காக்க வைத்துவிட்டேன், மன்னிக்க வேண்டும். லிஃப்ட் வேலை செய்யவில்லை. முழங்காலில் ஆபரேஷன் ஆகி இன்னும் சரியாகவில்லை, அதனால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஏறி வந்தேன். டீ வேண்டாம் சார், குடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். ரெக்கார்டரைப் போட்டுக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. வக்கீல் வேண்டுமா என்று நேற்றே கேட்டார்கள், வேண்டாம் என்றுவிட்டேன். நடுவில் ஒருத்தர் உட்கார்ந்தால் ஒரு வார்த்தை நாலு வார்த்தையாகிவிடும்.

என் வேலை என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அது புரியாமல் மற்றது புரியாது. நம் உடம்பில் இருக்கிற புரதங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வடிவம் உண்டு. ஆராய்ச்சிக்காரர்கள் எங்கெங்கோ உட்கார்ந்து, வருஷக்கணக்காக மண்டையை உடைத்துக்கொண்டு அந்த வடிவத்தைக் கண்டுபிடிப்பார்கள். எந்த அணு எந்த இடத்தில் இருக்கிறது என்று ஒரு கோப்பாக எழுதி எங்கள் களஞ்சியத்துக்கு அனுப்புவார்கள். அதை மாதிரி என்போம். நாங்கள் அதைச் சரிபார்த்து, ஒரு எண் கொடுத்து, புதன்கிழமை புதன்கிழமை வெளியே விடுவோம். வெளியே வந்தபிறகு அது ஊருக்குப் பொது. மருந்து கம்பெனிக்காரனும் எடுத்துக்கொள்ளலாம், பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் எடுத்துக்கொள்ளலாம். யாரும் காசு தரவேண்டியதில்லை. நல்ல ஏற்பாடு, இல்லையா? நான் அங்கே சேர்ந்ததே அதற்காகத்தான்.

அணுவை யாரும் கண்ணால் பார்ப்பதில்லை. சோதனையில் கிடைப்பது ஒரு மேகம் மாதிரி, அங்கங்கே திட்டுத்திட்டாக இருக்கும். அந்த மேகத்துக்குள் அணுக்களைப் பொருத்தி வைப்பது ஆராய்ச்சிக்காரரின் சாமர்த்தியம். ஒழுங்காகப் பொருந்தியிருக்கிறதா என்று எங்கள் கம்ப்யூட்டர் ஒரு அறிக்கை கொடுக்கும். நன்றாக இருந்தால் நீலம். மோசமாக இருந்தால் சிவப்பு. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு அணுவாகப் பார்ப்பது என் வேலை. பெருமைக்காகச் சொல்லவில்லை, இத்தனை வருஷத்தில் என் மேஜையைத் தாண்டி ஒரு சிவப்பு வெளியே போனதில்லை. சிவப்பைப் பார்த்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது. சுவரில் படம் கோணலாக மாட்டியிருந்தால் சிலருக்குத் தாங்காது பாருங்கள், அப்படி.

அலுவலகத்தில் எல்லாருக்கும் நான் அக்கா. என்னைவிட வயதில் மூத்த டைரக்டரே "அக்காகிட்ட கேளுங்க" என்பார். சொந்தத் தம்பி ஒருத்தன் இருந்தான், இருக்கிறான். அம்மா போனபோது அவனுக்குச் செருப்பு வலது எது இடது எது என்று தெரியாது. நான்தான் குளிப்பாட்டினேன், படிக்க வைத்தேன், ஃபீஸ் கட்டினேன். கல்யாணம் பண்ணிக்கொள்ளாததற்கு அவனைக் காரணம் சொல்லமாட்டேன். எனக்கே அதில் அக்கறை இருக்கவில்லை. அவன் வளர்ந்து புரத ஆராய்ச்சிக்கு வந்தான். நான் வாசலில் நின்று சரிபார்க்கிறேன், அவன் உள்ளே இருந்து செய்து அனுப்புகிறான் என்று அலுவலகத்தில் கிண்டல் பண்ணுவார்கள். "வீடே கம்பெனி நடத்துறீங்களேக்கா" என்பார் பக்கத்து மேஜைக்காரர். அவரை நாங்கள் கண்ணாடிக்காரர் என்போம், ஒன்றைத் தலையிலும் ஒன்றைக் கண்ணிலும் போட்டுக்கொண்டு இரண்டையும் தேடுவார்.

கை நடுக்க நோய் ஒன்று இருக்கிறது, உங்களுக்கு இப்போது நன்றாகவே தெரியும். முதலில் டம்ளர் பிடிக்க முடியாது, அப்புறம் பட்டன் போட முடியாது, அப்புறம் நடக்க முடியாது. அந்த நோய்க்குக் காரணமான புரதத்தின் வடிவத்தைத் தம்பி கண்டுபிடித்தான். வெறும் புரதம் மட்டும் இல்லை, அதன் குழிக்குள் ஒரு மருந்து மூலக்கூறு உட்கார்ந்திருக்கிற கோலத்தோடு. அந்த மூலக்கூறுக்கு ஒரு பக்கம் தலை, ஒரு பக்கம் வால் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேகம் மங்கலாக இருந்ததால் எந்தப் பக்கம் உள்ளே, எந்தப் பக்கம் வெளியே என்று தீர்மானமாகச் சொல்வது கஷ்டம். தம்பியின் மாதிரியில் வால் உள்ளே புதைந்திருந்தது. அறிக்கை முழுக்க நீலம். சொந்தக்காரர் கோப்பைத் தொடக்கூடாது என்பது எங்கள் விதி, அதனால் அலுவலகத்தில் நான் அதைத் தொடவில்லை. கண்ணாடிக்காரர்தான் பார்த்தார். "தம்பி கோப்பாச்சே, கண்ணை மூடிக்கிட்டு விடலாம்" என்றார். மூடிக்கொண்டு விடவில்லை, ஒழுங்காகப் பார்த்துத்தான் விட்டார். அவரை இதில் இழுக்காதீர்கள்.

அந்த மாதிரி பெரிய பேர் வாங்கியது. படத்தைப் பெரிதாக அச்சடித்து எங்கள் நடையில் மாட்டினார்கள். மருந்து கம்பெனி ஒன்று அதை எடுத்து வைத்துக்கொண்டு வேலையை ஆரம்பித்தது. வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் ஈரலில் இருக்கிற வேறொரு புரதத்தைப் போய்ப் பிடித்துக்கொள்ளும், அது ஆபத்து. உள்ளே புதைந்திருந்தால் பயமில்லை. படம் பயமில்லை என்றது. எலிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், எலியின் ஈரல் வேறு மாதிரி, அதற்கு ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

அந்த நோயாளிகளில் ஒருவர் தையல்காரர். அவர் மகளும் புரத ஆராய்ச்சிக்காரி. சின்ன இடம், பழைய மிஷின்களை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுகிறவள். மருந்து சாப்பிட ஆரம்பித்த பிறகு அப்பாவின் கை நடுக்கம் நின்றுவிட்டது. ஊசியில் தானே நூல் கோக்கிறார். சட்டைக்குத் தானே பட்டன் போடுகிறார். ஆனால் ரத்தப் பரிசோதனையில் ஈரல் கணக்கு ஏறிக்கொண்டே போகிறது. டாக்டர் கொஞ்சம் பார்க்கலாம் என்கிறார். இவளுக்குச் சந்தேகம் வந்து, அதே புரதத்தை, அதே மருந்தோடு, தானே மறுபடி முதலிலிருந்து செய்து பார்த்தாள். அவளுக்குக் கிடைத்த மேகம் தெளிவாக இருந்தது. வால் வெளியே.

அப்பாவிடம் மருந்தை நிறுத்தச் சொன்னாள். அவர் கேட்கவில்லை. இத்தனை வருஷம் கழித்து ஊசி பிடித்திருக்கிறேன், உன் படத்தை நம்பி விடமாட்டேன் என்றார். சோதனையை மேற்பார்வை பார்க்கிற கமிட்டியிடம் போனாள். அவர்கள், களஞ்சியத்தில் ஏற்கெனவே ஒரு மாதிரி இருக்கிறது, உன்னுடையதையும் அங்கே சரிபார்த்து வெளியிடட்டும், எண்ணைக் கொண்டுவா, அன்றைக்கே நிறுத்துகிறோம் என்றார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. ஆளாளுக்கு ஒரு படத்தைக் கொண்டுவந்தால் எதை நம்புவது? அதற்குத்தான் எங்களை மாதிரி இடம் இருக்கிறது. ஆக, எல்லாம் எங்கள் கையில் வந்து நின்றது.

அந்தக் கோப்பு வந்த அன்று கண்ணாடிக்காரர் எடுக்கப் போனார். "அது நம்ம வீட்டுப் புரதம், இங்க தள்ளுங்க" என்றேன். சிரித்துக்கொண்டே தள்ளினார். தம்பி கோப்பைத்தானே தொடக்கூடாது, இது அடுத்தவள் கோப்பு. விதிப்படி தப்பில்லை.

திறந்து பார்த்த கொஞ்ச நேரத்திலேயே தெரிந்துவிட்டது. அவள் சொல்வது சரி. இவ்வளவு தெளிவான மேகத்தை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். சந்தேகத்துக்கே இடமில்லை. எனக்குத் தெரியாமல் நடந்துவிட்டது என்று நான் சொல்லப்போவதில்லை, நீங்களும் எழுத வேண்டாம்.

எங்கள் இடத்தில் இரண்டு வழக்கம் உண்டு. ஒரு கோப்பை யார் எடுக்கிறாரோ அவரேதான் முடிக்க வேண்டும், நடுவில் கை மாற்றக்கூடாது. கை மாறினால் தப்பு வரும். இன்னொன்று, நாங்கள் ஒரு கேள்வி கேட்டு, அனுப்பியவர் திருத்தி அனுப்பினால், அந்தத் திருத்தின கோப்பு வரிசையின் கடைசிக்குப் போய்விடும். முதலில் வந்தவருக்கு முதல் மரியாதை, திருத்திக்கொண்டே இருப்பவர் மற்றவரைத் தள்ளிவிட்டு முன்னே வரக்கூடாது என்பதற்காக வைத்தது. இரண்டும் நியாயமான வழக்கம். இரண்டையும் கூட்டத்தில் பேசி வைத்ததில் எனக்கும் பங்குண்டு.

முதல் கேள்வி, புரதத்தில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு சர்க்கரையின் பெயரைப் பற்றி. உண்மையிலேயே பெயர் தவறாக எழுதியிருந்தாள். மரியாதையாக எழுதினேன். அன்றைக்கே திருத்தி அனுப்பினாள். வரிசையின் கடைசிக்குப் போனது. அது மறுபடி என்னிடம் வந்தபோது இரண்டு தண்ணீர் மூலக்கூறுகள் ரொம்ப நெருக்கமாக இருப்பதைப் பார்த்தேன். முதல் தடவையே பார்த்திருந்தேன், அதை அடுத்ததற்கு என்று வைத்துக்கொண்டேன். ஒரே கடிதத்தில் எல்லாவற்றையும் கேட்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. நான் ஒரு பொய்கூட எழுதவில்லை சார். என் கடிதங்களை எல்லாம் நீங்கள் எடுத்து வைத்திருக்கிறீர்கள், படித்துப் பாருங்கள். ஒவ்வொரு கேள்வியும் நியாயமான கேள்வி. வேறு யாருடைய கோப்பாக இருந்தால் அந்த மாதிரிச் சின்ன விஷயத்தை நானே ஒரு குறிப்புப் போட்டு வெளியே விட்டிருப்பேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

அவள் டைரக்டருக்கு எழுதினாள். டைரக்டர் என்னைக் கூப்பிட்டு, "என்னக்கா, அந்தப் பொண்ணு ஒரேயடியா அவசரப்படுது" என்றார். கோப்பில் இன்னும் சுத்தம் போதாது, நம் பேரில் வெளியே போகிறது, அவசரப்பட்டால் நாளைக்கு நாம்தான் தலைகுனிய வேண்டும் என்றேன். "நீங்க பார்த்தா சரியாத்தான் இருக்கும்" என்று அவளுக்கு அப்படியே பதில் எழுதிவிட்டார். அவரையும் விட்டுவிடுங்கள். என்னை நம்பினார், அவ்வளவுதான் அவர் செய்தது.

அப்புறம் அவள் போன் பண்ணினாள். நேரடி எண்ணை எப்படிப் பிடித்தாளோ தெரியவில்லை.

"மேடம், அப்பாவுக்குக் கண்ணெல்லாம் மஞ்சளா இருக்கு. அப்பவும் மருந்தை நிறுத்த மாட்டேங்கிறார். நம்பர் வெளிய வந்தா கமிட்டியே நிறுத்திடும். இந்தப் புதன்கிழமை வந்துடுமா?"

"வரிசையில இருக்கும்மா."

"நாலு தடவை திருத்திட்டேன் மேடம். இன்னும் என்ன இருந்தாலும் ஒரேயடியா சொல்லிடுங்க, உட்கார்ந்து முடிச்சுடுறேன்."

"ஒண்ணொண்ணா பார்த்தாத்தான்மா சரியா வரும்."

"அக்கா" என்றாள். என்னை எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று அவளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. தானாக வாயில் வந்துவிட்டது போலிருக்கிறது. "அக்கா, எங்கப்பா மட்டும் இல்லக்கா. அந்த வார்டுல இன்னும் நிறைய பேர் இருக்காங்க. தினமும் பார்த்துட்டு வரேன். எல்லாருக்கும் கை நின்னுடுச்சுன்னு சந்தோஷமா இருக்காங்க." சொல்லிவிட்டு அழுதாள்.

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. தோன்றியது என்று சொன்னால் உங்களுக்கு நன்றாக இருக்கும், ஆனால் தோன்றவில்லை. ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டே திரையில் அவளுடைய மாதிரியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓர் ஓரத்தில் ஓர் உப்பு அணு, வேறு உப்பாகவும் இருக்கலாம் என்று பட்டது. குறித்து வைத்துக்கொண்டேன். "டாக்டர் சொல்றதைக் கேளும்மா, தைரியமா இரு" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

கொஞ்ச நாளில் அவளிடமிருந்து ஒரு கடிதம். இரண்டே வரி. அப்பா நேற்று இறந்துவிட்டார். உங்கள் ஐந்தாவது கேள்விக்கான திருத்தம் இத்துடன் இருக்கிறது. அப்பா இறந்த மறுநாள் உட்கார்ந்து உப்பு அணுவைச் சரிபண்ணி அனுப்பியிருக்கிறாள். வார்டில் இருந்த மற்றவர்களுக்காகத்தான், வேறு எதற்காக? நல்ல பெண். நான் பதில் எழுதினேன். உங்கள் தந்தையின் மறைவுக்கு எங்கள் ஆழ்ந்த இரங்கல் என்று முதல் பத்தி. இரண்டாவது பத்தியில் ஆறாவது கேள்வி.

நீங்கள் அந்தக் கடிதத்தை மேஜையில் எடுத்து வைத்திருப்பதைப் பார்க்கிறேன். என்னிடம் படித்துக் காட்ட வேண்டியதில்லை. வார்த்தை வார்த்தையாக ஞாபகம் இருக்கிறது. இரங்கல் பத்தியை இரண்டு தடவை மாற்றி எழுதினேன், சம்பிரதாயமாகப் பட்டுவிடக்கூடாதே என்று.

கண்ணாடிக்காரர் ஒருநாள் எட்டிப் பார்த்தார். "இது இன்னும் உங்ககிட்டயா இருக்குக்கா? நான் வேணா பார்த்துத் தரட்டுமா?" என்றார். "வேண்டாம்ப்பா, முக்கால்வாசி முடிச்சுட்டேன்" என்றேன். வழக்கம் தெரிந்தவர், தன் மேஜைக்குப் போய்விட்டார். கடைசியில் என் முழங்கால்தான் காரியத்தைக் கெடுத்தது. ஆபரேஷனுக்கு லீவு போட்டேன். லீவில் போகிறவரின் கோப்புகள் பக்கத்து மேஜைக்குப் போகும். அவர் ஒரு மத்தியானம் உட்கார்ந்து பார்த்தார், ஒரு குறையும் தெரியவில்லை, அந்த வாரமே வெளியே விட்டார். கமிட்டி சொன்னபடி அன்றைக்கே சோதனையை நிறுத்தியது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் காலைத் தூக்கிக் கட்டிக்கொண்டு படுத்திருந்தபோது செய்தியில் பார்த்தேன். நர்ஸ் டிவியின் சத்தத்தைக் கூட்டினாள். நான் தண்ணீர் கேட்டேன்.

தையல்காரரோடு சேர்த்து ஏழு பேர் என்கிறீர்கள். என் கணக்கில் ஆறு. நிறுத்தின பிறகு ஒருவர் போனாரே, அவரையும் சேர்த்தால் ஏழு. சரி, ஏழு என்றே போட்டுக்கொள்ளுங்கள். நான் தகராறு பண்ணவில்லை.

ஏன் என்று கேட்டீர்கள். நேற்று வந்தவரும் அதையேதான் குடைந்து குடைந்து கேட்டார். தம்பிக்காக என்று சொன்னேன். அந்தப் பெண்ணின் மாதிரி வெளியே வந்தால் தம்பியுடையது தப்பு என்று ஊருக்கே தெரிந்துவிடும், அவன் பேர் போய்விடும், வேலை போய்விடும். இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. எந்த அக்காவும் இதைத்தான் செய்வாள் என்று சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். அவருக்கும் ஒரு தங்கையோ தம்பியோ இருக்கும் போல, முகம் கொஞ்சம் இளகிவிட்டது.

ஆனால் நீங்கள் விஷயம் தெரிந்தவர். தம்பியின் விண்ணப்பத்தையும் எடுத்து வைத்திருக்கிறீர்கள்.

ஆமாம். அவளுடைய இரண்டாவது திருத்தம் வந்த சமயம், தம்பி என் வீட்டுக்கு வந்தான். அவள் அவனுக்கும் எழுதியிருக்கிறாள், மேகத்தையும் அனுப்பியிருக்கிறாள். வந்து உட்கார்ந்தவன் தட்டில் கையே வைக்கவில்லை.

"அக்கா, அந்தப் பொண்ணு சொல்றதுதான் சரி. என்னோடது தப்பு. வாபஸ் வாங்கிடுறேன்."

"பேர் என்னாகும்னு யோசிச்சியாடா?"

"பேர் போனா போகுதுக்கா. மனுஷங்க சாப்பிடுறாங்க அந்த மருந்தை."

களஞ்சியத்தில் இருக்கிற ஒரு மாதிரியை அதை அனுப்பியவர் மட்டும்தான் வாபஸ் வாங்க முடியும். எழுதிக் கொடுத்தால் போதும், ஒரு வாரத்தில் எடுத்துவிடுவோம். அவன் எழுதி அனுப்பினான். வாபஸ் விண்ணப்பங்களைப் பார்ப்பதும் நான்தான். அவன் மருந்து கம்பெனிக்கும் போன் பண்ணியிருக்கிறான், முதலில் களஞ்சியத்திலிருந்து எடுக்கட்டும் என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். அவன் என்னைத்தான் நச்சரித்தான். "என்னக்கா ஆச்சு?" என்பான். "டைரக்டர் கையெழுத்துக்குப் போயிருக்குடா" என்பேன். அது எங்கேயும் போகவில்லை. கிணற்றில் போட்ட கல்தான். சொந்தக்காரர் கோப்பைத் தொடக்கூடாது என்ற விதி இருக்கிறதே, அதனால் தொடாமல் அப்படியே வைத்திருந்தேன்.

ஆக, தம்பியின் பேரைக் காப்பாற்ற என்று நான் சொன்னது நிற்காது. பேர் வேண்டாம் என்று அவனே வந்து நின்றான். எனக்கும் தெரிகிறது, சொல்லும்போதே தெரிந்தது. பின்னே ஏன் என்றால், அதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் சொல்ல வேண்டும்.

தம்பி உங்களிடம் எழுதிக் கொடுத்ததைப் படித்துக் காட்டினார்கள். என்னிடம் இரண்டு கோப்பு இருந்தது, ஒன்றில் வால் வெளியே, ஒன்றில் வால் உள்ளே. வால் வெளியே இருப்பதைத்தான் அனுப்ப நினைத்திருந்தேன், தூக்கக் கலக்கத்தில் மற்றதை அனுப்பிவிட்டேன், பாராட்டு வந்தபிறகு திருத்த மனசு வரவில்லை, எல்லாம் என் தப்பு. அப்படித்தானே எழுதியிருக்கிறான்? அவன் பொய் சொல்லவில்லை சார். அவன் அப்படித்தான் நம்புகிறான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் என் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தான். பல நாளாகத் தூங்கவில்லை, கண் உள்ளே போயிருந்தது. சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்து இரண்டையும் எனக்குக் காட்டினான். வால் வெளியே இருந்ததற்கு அறிக்கையில் மருந்து இருக்கிற இடம் மட்டும் சிவப்பாக இருந்தது. உள்ளே இருந்ததற்கு நீலம். "சிவப்பா இருந்தாலும் இதுதான்கா சரின்னு படுது. இதையே அனுப்பிடுறேன், சந்தேகம்னு ஒரு குறிப்புப் போட்டு" என்றான். சொல்லிக்கொண்டே சோபாவில் சாய்ந்தான், அப்படியே தூங்கிப்போனான். போர்வை எடுத்துப் போர்த்திவிட்டேன். தட்டுகளைக் கழுவிவிட்டு வந்தேன். லேப்டாப் திறந்தே இருந்தது. அந்தச் சிவப்பு கண்ணை உறுத்தியது.

நீலத்தை அனுப்பியது நான்தான். வேறு காரணம் ஒன்றும் இல்லை. என் தம்பியின் கோப்பு என் அலுவலகத்துக்குச் சிவப்பாக வரப்போகிறது, கண்ணாடிக்காரர் பார்ப்பார், ஒரு மாதிரி சிரிப்பார். அது வேண்டாம் என்று பட்டது. பட்டனை அழுத்தினேன், மேஜையைத் துடைத்தேன்.

சாயங்காலம் எழுந்தவன் பார்த்துவிட்டு, "என்னக்கா, இதையா அனுப்பினேன்?" என்றான். "நீதான்டா அனுப்பின, அனுப்பிட்டுத்தான் படுத்த. நல்லாத்தானே வந்திருக்கு, அதுவே இருக்கட்டும்" என்றேன். லேப்டாப்பை மூடி வைத்தான். நான் சொன்னால் அவனுக்கு மறுபேச்சே கிடையாது. சின்ன வயதிலிருந்தே அப்படி.

அந்தப் பெண்ணின் கோப்பு வெளியே வந்தால், இல்லை அவனுடையதை வாபஸ் வாங்கினால், யாராவது முதலிலிருந்து கிளறுவார்கள். எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து, எந்த நேரத்தில் போனது, அப்போது அவன் எங்கே இருந்தான் என்று. அதனால்தான் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டேன். அவ்வளவுதான் சார். ஏழு பேரையும் தெரிந்துதான் சாகவிட்டேன். தெரியாமல் ஒரு நாள்கூட இருந்ததில்லை.

தம்பி இப்போது என் வீட்டில்தான் இருக்கிறான், பின் அறையில். வேலையை ராஜினாமா பண்ணிவிட்டான். விளக்கு போடுவதில்லை. சாப்பாட்டைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்து, சாப்பிடுடா என்றால் ரெண்டு வாய் சாப்பிடுகிறான். "ஏழு பேரைக் கொன்னுட்டேன்கா" என்பான், வேறு பேச்சில்லை. நான் தலையைத் தடவிக் கொடுத்து, நடந்தது நடந்துபோச்சு, எல்லாரும் தப்பு பண்றதுதான் என்பேன். கொஞ்சம் அமைதியாவான். என் கையைப் பிடித்துக்கொண்டு தூங்குவான்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், எல்லாவற்றிலும் போடுகிறேன். ஜெயில் என்றால் ஜெயில். உங்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றே ஒன்றுதான் சார். அந்த ஞாயிற்றுக்கிழமையை மட்டும் தம்பியிடம் சொல்லிவிடாதீர்கள். தன் கையால்தான் அத்தனை பேரும் போனார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தாலும், பக்கத்தில் அக்கா இருக்கிறாள் என்ற ஒரே தெம்பில்தான் உயிரை வைத்துக்கொண்டிருக்கிறான். அதையும் பிடுங்கிவிட்டால் பிள்ளை தாங்கமாட்டான்.